சிறப்புப் படையிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கு எப்படித் துணை நிற்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் கிரீன் பெரே, நேவி சீல், ரேஞ்சர், மரீன் ரெய்டர் போன்ற சிறப்புப் படைகளில் பல வருஷம் இருந்துவிட்டு வெளியே வருகிறவர்களின் வீட்டாருக்கும், நண்பர்களுக்கும், அவர்களை வேலைக்கு எடுக்கிறவர்களுக்கும் எழுதியது இது. சட்டம், சலுகை, காலக்கெடு எல்லாம் அமெரிக்காவுடையவை.

எல்லோரும் "அடுத்து என்ன வேலை?" என்றுதான் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால் வேலை மூன்றாவதுதான். உடம்பும் தூக்கமும் முதலில், காகித வேலை இரண்டாவது. இரண்டையும் சீருடையைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட வேண்டும்.

மற்ற முன்னாள் படைவீரர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

1980 ஏப்ரலில் ஈரானில் பிணைக் கைதிகளை மீட்கப் போன அமெரிக்கப் படை, காரியம் கைகூடாமல் பாலைவனத்தில் 8 பேரைப் பறிகொடுத்துத் திரும்பியது. வெவ்வேறு படைகள் ஒன்றாகப் பயிற்சி செய்யாமல் போனதும் தோல்விக்கு ஒரு காரணம். அதன் பிறகுதான் 1987-இல் எல்லாச் சிறப்புப் படைகளுக்கும் ஒரே தலைமை ஏற்பட்டது. அதன் தலைமையகம் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில், மெக்டில் விமானப்படைத் தளத்தில் இருக்கிறது. துணைப் பணியாளர்களையும் சேர்த்து இன்று சுமார் 70,000 பேர்.

எண்ணிக்கை சின்னது, வேலை பெரிது. 2001-க்குப் பிறகு ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும் இந்தச் சிறு கூட்டம் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டது. சில மாதம் களம், ஊர் திரும்பினால் அடுத்த பயணத்துக்கான பயிற்சி, அப்புறம் மறுபடி களம். இப்படியே பத்து, பதினைந்து வருஷம் ஓடியவர்கள் உண்டு. பயிற்சியும் லேசுப்பட்டதில்லை. கதவை வெடிவைத்துத் தகர்ப்பது, உயரத்திலிருந்து குதிப்பது, தோளில் வைத்துச் சுடும் கனரக ஆயுதங்கள் என்று உடம்பு அடிவாங்கிக்கொண்டே இருக்கும்.

இதைவிட முக்கியமானது குழு. கிரீன் பெரே குழு ஒன்றில் 12 பேர். யாருக்கு எந்த முழங்கால் வலிக்கும் என்பதுவரை ஒருவருக்கொருவர் தெரியும். வெளியே வரும் நாளில் சம்பளத்தோடு அந்த 11 பேரும் அன்றாடத்திலிருந்து போய்விடுகிறார்கள். பல பேரை நிலைகுலைய வைப்பது களத்து நினைவுகளைவிட இந்தப் பிரிவுதான் என்பது என் எண்ணம்.

எப்போது தொடங்க வேண்டும்?

வெளி வாழ்க்கைக்குத் தயார்படுத்தும் ராணுவத்தின் கட்டாய மாற்றத் திட்டத்தை, வெளியேறும் தேதிக்கு குறைந்தது 365 நாட்களுக்கு முன் தொடங்க வேண்டும் என்பது விதி. பணி ஓய்வு பெறுகிறவர்கள் இரண்டு வருஷம் முன்பே தொடங்கலாம். சிறப்புப் படையில் நடைமுறை வேறு மாதிரி. "இன்னும் ஒரு பயணம் முடியட்டும், குழுப் பசங்களை நடுவில் விட்டுவிட்டு வகுப்பில் போய் உட்கார முடியாது" என்று தள்ளிப்போட்டு, கடைசி மூன்று மாதத்தில் எல்லாவற்றையும் அள்ளிப்போட்டுக்கொள்வார்கள். அதற்குள் முக்கியமான சில கதவுகள் மூடியிருக்கும்.

வீட்டில் இருக்கிறவர் செய்யக்கூடிய பெரிய உதவி இங்கேதான். தேதியைக் காலண்டரில் குறித்து அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 180 நாள் முன்பு, 90 நாள் முன்பு என்ற இரண்டையும் வட்டமிடுங்கள். காரணம் கீழே வருகிறது.

உடம்பில் என்னதான் பிரச்சினை? பார்க்க நல்ல வாட்டசாட்டமாக இருக்கிறாரே?

அந்தத் தோற்றம்தான் மருத்துவரையும் ஏமாற்றிவிடுகிறது. 2020-இல் கிறிஸ்டபர் ஃப்ரூ என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், சிறப்புப் படையினரிடம் சேர்ந்தே காணப்படும் கோளாறுகளுக்கு 'ஆப்பரேட்டர் சிண்ட்ரோம்' என்று பெயரிட்டார்கள். மூளைக் காயம், ஹார்மோன் குறைபாடு, தூக்கத்தில் மூச்சுத் தடை, தீராத மூட்டு வலியும் முதுகு வலியும், தலைவலி, மறதி, கோபம், மனச்சோர்வு, குடி, தாம்பத்தியச் சிக்கல் எல்லாம் அதில் அடக்கம். ஒன்று இன்னொன்றை மோசமாக்கும். மூளை அடிபட்டால் ஹார்மோன் குறையலாம், ஹார்மோன் குறைந்தால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் வலி கூடும், வலி கூடினால் பாட்டிலைத் தேடுவார். இத்தனையையும் 'போர்க்கள மன அழுத்தம்' என்று ஒரே சொல்லில் அடைத்து, மனநல மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புவது நடக்கிறது. மன அழுத்தம் இல்லை என்று சொல்லவில்லை. அது மட்டும்தான் என்று முடிவுகட்டுவது தவறு.

வெடிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குண்டு துளைக்காமலே, வெடியின் அழுத்த அலை மட்டுமே மூளையைப் பாதிக்கும். வெடிப்புக்கு ஆளாகி, பிறகு இறந்துபோன படைவீரர்களின் மூளைகளை ஆராய்ந்த அமெரிக்க ராணுவ மருத்துவப் பல்கலைக்கழகத்தின் குழு, மூளைத் திசுக்கள் ஒன்றோடொன்று சந்திக்கும் எல்லைகளில் ஒரு தனிவகைத் தழும்பைக் கண்டதாக 2016-இல் எழுதியது. இந்தத் தழும்பு வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியாது. அதனால் "ஸ்கேன் நார்மல்" என்ற ஒரு வரியோடு விட்டுவிடாதீர்கள். 2024 ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டு என்பதை வெடியழுத்தத்தின் எச்சரிக்கை எல்லையாக வைத்தது. இருபது வருஷம் கதவுகளைத் தகர்த்தவருக்கு அந்த எல்லை மிகவும் தாமதமாக வந்திருக்கிறது.

மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள்: எத்தனை வருஷம் வெடிவைக்கும் வேலை, எந்தெந்த ஆயுதம், எத்தனை தடவை நினைவு தப்பியது அல்லது காது அடைத்துத் தலை சுற்றியது. ஹார்மோன் அளவுக்கான ரத்தப் பரிசோதனை, கண்ணும் உடல் சமநிலையும் பார்க்கும் பரிசோதனை, தூக்கப் பரிசோதனை ஆகியவற்றை வாய்விட்டுக் கேட்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று சந்தேகம் வந்தவுடன் தெருமுனைக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். அந்த ஊசி விந்து உற்பத்தியைக் குறைக்கும். குழந்தை வேண்டும் என்றிருப்பவர்கள் அதற்கான மருத்துவரைப் பார்க்காமல் தொடங்கக் கூடாது.

தூங்கவே மாட்டேன் என்கிறார். இரவு முழுவதும் வீட்டுக்குள் நடக்கிறார்.

இரவில் வேலை, பகலில் உறக்கம் என்று வருஷக்கணக்கில் பழகிய உடம்பு. விழித்திருக்க ஒரு மாத்திரை, தூங்க ஒரு மாத்திரை என்று ஓட்டியவர்களும் இருக்கிறார்கள். முதலில் மூச்சுத் தடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குண்டாக இருப்பவர்களுக்குத்தான் அது வரும் என்பது சரியில்லை, ஒல்லியான, உறுதியான உடம்புக்காரர்களுக்கும் வரும். அது இல்லையென்றால், நாள்பட்ட தூக்கமின்மைக்கு மருத்துவர்கள் முதலில் பரிந்துரைப்பது மாத்திரையை அல்ல, தூக்கத்தைக் கெடுக்கும் பழக்கங்களையும் எண்ணங்களையும் மாற்றும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையை. சில வாரங்களில் முடியக்கூடியது. முன்னாள் படைவீரர் நலத் துறையிலேயே (இனி வி.ஏ.) கிடைக்கிறது.

தூங்குவதற்காகக் குடிக்கிறார் என்றால், குடியை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போடாதீர்கள். தூக்கம் சரியாக ஆரம்பித்தால் குடியைப் பற்றிப் பேசுவதும் எளிதாகும்.

காயங்களைப் பற்றிப் பதிவே இல்லையே, ஊனப்படிக்கு எப்படி விண்ணப்பிப்பது?

ஊனப்படி என்பது பணியில் வந்த காயத்துக்கும் நோய்க்கும் வி.ஏ. மாதாமாதம் தரும் தொகை. அதற்குப் பதிவு இல்லாதது மிகப் பரவலான சிக்கல். காயத்தைச் சொன்னால் குழுவிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்ற பயத்தில் குழுவின் மருத்துவ உதவியாளரிடமே கட்டுப் போட்டுக்கொண்டு, பதிவேட்டில் ஏற்றாமல் விட்டிருப்பார்கள். அதனால் கடைசி வருஷத்தில் ராணுவ மருத்துவரிடம் போய், தலை முதல் கால் வரை ஒவ்வொன்றையும் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். "சின்ன வலிதான்" என்ற பேச்சு அங்கே உதவாது. ஏற்கெனவே வெளியே வந்துவிட்டாரா? கூட இருந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். மனைவியோ கணவரோ, பயணத்துக்கு முன் எப்படி இருந்தார், பின் எப்படி ஆனார் என்று எழுதித் தரலாம். வி.ஏ. இவற்றைச் சான்றாக எடுத்துக்கொள்ளும்.

ரகசியப் பணி என்பதால் எதுவுமே சொல்லக் கூடாது என்று சிலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். எந்த ஊரில், யாரைப் பிடிக்கப் போனோம் என்பது ரகசியமாக இருக்கலாம். ஆனால் முதுகு எப்படி அடிபட்டது, அதன் பிறகு என்ன வலி என்பதை அந்த விவரங்கள் இல்லாமலே சொல்லலாம்.

காலண்டரில் வட்டமிடச் சொன்னது இதற்காகத்தான். வெளியேறுவதற்கு 180 முதல் 90 நாட்களுக்குள் ஊனப்படிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வசதி இருக்கிறது. வெளியே வந்தவுடன் முடிவு கையில் கிடைக்க வாய்ப்பு அதிகம். அந்த இடைவெளி தவறிப்போனாலும், வெளியேறி ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பித்தால் வெளியேறியதற்கு மறுநாளிலிருந்தே கணக்கிடுவார்கள்.

ஊன சதவீதத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? கூட்டினால் சரியாக வரவில்லையே.

கூட்டுவதில்லை, அதனால்தான். முதுகுக்கு 50, தோளுக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். 50 போக மீதி நலமாக இருப்பது 50. அந்த 50-இல் 30 சதவீதம் என்றால் 15. ஆக 65, அதை 70 என்று முழுமையாக்குவார்கள். அங்கீகாரம் பெற்ற முன்னாள் படைவீரர் சங்கங்களின் பிரதிநிதிகள் இந்த விண்ணப்பத்தை இலவசமாகவே நிரப்பிக் கொடுப்பார்கள். முதல் விண்ணப்பத்துக்கே காசு கேட்கிற ஆட்களை நம்ப வேண்டாம்.

போர்க்களத்தில் குப்பையை எரித்த புகையைச் சுவாசித்தவர்களுக்கு 2022-இல் வந்த பாக்ட் சட்டம் முக்கியம். சில புற்றுநோய்களும் நுரையீரல் நோய்களும் வந்தால், அந்தப் புகைதான் காரணம் என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை.

20 வருஷம் முடிக்காமல் வெளியே வந்தால்?

20 வருஷம் முடித்தவருக்கு ஓய்வூதியமும் ராணுவ மருத்துவக் காப்பீடும் தொடரும். 8, 12 வருஷத்தில் சாதாரணமாக வெளியேறுகிறவருக்கு ஓய்வூதியம் இல்லை, குடும்பத்தின் காப்பீடும் நின்றுபோகலாம். புது வேலையின் காப்பீடு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பார்த்துவிட்டு வெளியேறும் தேதியை முடிவு செய்யுங்கள்.

ஆயுள் காப்பீடும் அப்படித்தான். ராணுவக் காப்பீட்டை, வெளியேறிய 240 நாட்களுக்குள் முன்னாள் படைவீரர் காப்பீடாக மாற்றிக்கொண்டால் உடல்நலக் கேள்வி எதுவும் கிடையாது. அதைத் தாண்டினால் உடல்நலச் சான்று கேட்பார்கள். மூளைக் காயமும் தூக்கக் கோளாறும் உள்ளவருக்கு அப்போது கதவு திறக்காமல் போகலாம்.

இன்னொன்று, படிப்புச் சலுகை. 36 மாதங்கள் வரை கிடைக்கும் இந்தச் சலுகையைப் பிள்ளைகளுக்கோ துணைவருக்கோ மாற்ற வேண்டுமானால், பணியில் இருக்கும்போதே, அதுவும் மேலும் நான்கு வருஷம் பணிசெய்ய ஒப்புக்கொண்டுதான் பொதுவாக மாற்ற முடியும். வெளியே வந்தபின் வருந்திப் பயனில்லை.

ரகசிய வேலையை ரெஸ்யூமேயில் எப்படி எழுதுவது?

பதக்கத்தையும் படைப் பெயரையும் போட்டுவிட்டு மீதியை வெற்றாக விடுவதும் தப்பு, களத்துக் கதையை எழுதுவதும் தப்பு. பொறுப்பை எழுதுங்கள். குழுவின் மூத்த சார்ஜன்ட் ஒருவர் இப்படி எழுதலாம்: "12 பேர் கொண்ட குழுவின் அன்றாடப் பொறுப்பு, பயிற்சித் திட்டம், ஆயுத இருப்பு, வாகனம், செலவுக் கணக்கு, மொழி தெரியாத ஊரில் உள்ளூர்ப் படையினருக்குப் பயிற்சி, தலைமையிடமிருந்து தொலைவில், குறைந்த தகவலோடு முடிவெடுத்த அனுபவம்." இதில் ரகசியம் எதுவுமில்லை, வேலை கொடுப்பவருக்கும் புரியும். சந்தேகம் இருந்தால் அனுப்புவதற்கு முன் படைப்பிரிவின் பாதுகாப்பு அதிகாரியிடம் காட்டிவிட வேண்டும்.

ரகசியப் பணிக்கான பாதுகாப்பு அனுமதி உள்ளவர், அது தேவைப்படும் வேலைக்குப் போக நினைத்தால் இரண்டு வருஷத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. விட்டால் விசாரணையை முதலிலிருந்து தொடங்க வேண்டி வரலாம்.

திறமை இருந்தும் ஏன் வேலை கிடைக்கச் சிரமப்படுகிறார்கள்?

மருத்துவ சார்ஜன்ட்களைப் பாருங்கள். கிரீன் பெரே குழுவின் மருத்துவ சார்ஜன்ட் வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக்கில் நீண்ட பயிற்சி பெறுகிறார். குண்டுக் காயத்தை மணிக்கணக்கில், தேவைப்பட்டால் நாள்கணக்கில் தனியாகச் சமாளிக்கிறார். பல் பிடுங்குகிறார், கிராமத்தின் கால்நடைக்கும் வைத்தியம் பார்க்கிறார். வெளியே வந்தால் நர்ஸ் வேலைக்குக்கூட உரிமம் கிடையாது, ஆம்புலன்ஸ் பணியாளர் சான்றிதழோடு நிற்க வேண்டும். சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகம் 2016-இல் தொடங்கிய, மருத்துவரோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்க்கும் 'ஃபிசிஷியன் அசிஸ்டன்ட்' வேலைக்கான பட்டப்படிப்பு, இப்படிப்பட்டவர்களையும் மனத்தில் வைத்து உருவானது. இதுபோல ஒவ்வொரு துறையிலும் வழி திறந்தால் நன்றாக இருக்கும்.

ஸ்கில்பிரிட்ஜ் என்ற திட்டத்தையும் பயன்படுத்த வேண்டும். கடைசி 180 நாட்கள் வரை, ராணுவச் சம்பளத்திலேயே ஒரு நிறுவனத்தில் வேலை பழகலாம். மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். அண்மை ஆண்டுகளில் உயர் ரேங்க்காரர்களுக்கு நாட்களைக் குறைத்திருக்கிறார்கள், அதனால் முன்கூட்டியே கேட்க வேண்டும். சம்பளத்துக்கு ஆபத்தில்லாமல் "இந்த வேலை எனக்குச் சரிப்படுமா?" என்று பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

பழைய மாதிரியே வெளிநாட்டில் பாதுகாப்பு ஒப்பந்த வேலைக்குப் போகிறேன் என்கிறார். தடுக்கலாமா?

தடுக்க உங்களுக்கு உரிமை உண்டா என்பது உங்கள் உறவைப் பொறுத்தது. கேட்க உரிமை உண்டு. சிலருக்கு அது நல்ல சம்பளம், தெரிந்த வேலை. சிலருக்கு வீட்டில் உட்கார முடியாததால் ஓடும் வழி. "எத்தனை மாதம்? எப்போது நிறுத்துவாய்?" என்று கேளுங்கள். முடியும் தேதி இருந்தால் அது திட்டம். இல்லையென்றால் அவர் இன்னும் வெளியே வரவில்லை என்று அர்த்தம். அப்போது உடம்புப் பரிசோதனையை மட்டுமாவது போவதற்கு முன் முடிக்கச் சொல்லுங்கள்.

வேலைக்கு எடுத்திருக்கிறோம். எப்படி நடத்துவது?

வீரர் என்று மேடையேற்றாதீர்கள், களக் கதை கேட்காதீர்கள். "யாரையாவது கொன்றிருக்கிறீர்களா?" என்ற கேள்வி அலுவலகத்தில் எழவே கூடாது.

அவருக்கு வேண்டியது தெளிவு. என்ன வேலை, எப்போது முடிய வேண்டும், எது நன்றாகச் செய்த வேலை என்று நேராகச் சொல்லுங்கள். சிறப்புப் படையில் ஒவ்வொரு பயிற்சி முடிந்தவுடன் குழு உட்கார்ந்து, ரேங்க் பார்க்காமல், எது சரி எது தப்பு என்று முகத்துக்கு நேரே பேசும். அதே பழக்கத்தில் உங்கள் கூட்டத்திலும் ஒருவரின் தவறை எல்லோர் முன்பும் சொல்லிவிடுவார். முரட்டுத்தனம் என்று முத்திரை குத்துவதற்கு முன், தனியாகக் கூப்பிட்டு இங்கே எப்படிப் பேசுவோம் என்று சொல்லிப் பாருங்கள், திருத்திக்கொள்வார். முதல் ஆறு மாதத்துக்கு, அவருடைய மேலாளர் அல்லாத ஒருவரைத் துணையாக வையுங்கள். மருத்துவச் சந்திப்புகளுக்குக் கேள்வி கேட்காமல் நேரம் கொடுங்கள்.

வீட்டில் இருந்தும் இல்லாத மாதிரி இருக்கிறார். நான் என்ன செய்வது?

முதலில் உங்கள் களைப்பை ஒத்துக்கொள்ளுங்கள். அவர் இல்லாத மாதங்களில் வீட்டை நடத்தியது நீங்கள். பில், பள்ளி, கூரை ஒழுகல் எல்லாம் உங்கள் கணக்கில் ஓடின. இப்போது அவர் வந்து நின்று எங்கே கைவைப்பது என்று தெரியாமல் தவிக்கிறார், அல்லது எல்லாவற்றையும் மாற்ற ஆரம்பிக்கிறார். ஒரு பொறுப்பை முழுதாக அவர் கையில் கொடுத்துவிடுங்கள். பாதி கொடுத்துக் கண்காணிக்க வேண்டாம். குழந்தையைக் காலையில் பள்ளிக்குக் கிளப்புவது என்றால், சட்டை பொத்தான் மாறிப் போட்டிருந்தாலும் அது அவருடைய வேலை.

நீங்களும் உதவி தேடலாம். வி.ஏ. நடத்தும் வெட் சென்டர் என்ற ஆலோசனை மையங்கள் நாடு முழுவதும் 300-க்கு மேல் இருக்கின்றன. அங்கே தனியாக, தம்பதியாக, குடும்பமாக இலவச ஆலோசனை உண்டு. அங்குள்ள பதிவுகள் தனியாக வைக்கப்படுகின்றன, உங்கள் ஒப்புதல் இல்லாமல் பொதுவாக வெளியே போவதில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குகிறவர்கள் இங்கே வர ஒப்புக்கொள்கிறார்கள்.

தற்கொலை எண்ணம் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

நேராகக் கேளுங்கள்: "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். அமெரிக்காவில் 988 அழைத்து 1-ஐ அழுத்தினால் முன்னாள் படைவீரர்களுக்கான உதவி எண், எந்த நேரமும். 838255 என்ற எண்ணுக்குச் செய்தியும் அனுப்பலாம். வீட்டார் கூப்பிட்டாலும் பேசுவார்கள். 2023 ஜனவரி 17 முதல், தகுதியுள்ள முன்னாள் படைவீரர் தற்கொலை நெருக்கடியில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், அது தனியாராக இருந்தாலும், அவசரச் சிகிச்சை இலவசம். உள்நோயாளியாக 30 நாட்கள் வரை, வெளிநோயாளியாக 90 நாட்கள் வரை.

வீட்டில் துப்பாக்கி இருக்கும், அதைப் பற்றியும் பேச வேண்டும். நெருக்கடி பல சமயம் குறுகிய நேரம்தான் நீடிக்கும், அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் பிழைக்கும். "பறித்துக்கொள்கிறேன்" என்று பேசினால் காரியம் கெடும். பழைய குழுத் தோழர் ஒருவர், "கொஞ்ச நாள் என்னிடம் இருக்கட்டும், நீ தேறியதும் வாங்கிக்கொள்" என்று கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சம் பூட்டும் சாவியும் வேறு வேறு கையில் இருக்கட்டும்.

இவர்களுக்கென்றே இருக்கும் அமைப்புகள் எவை?

காயமடைந்த, நோயுற்ற சிறப்புப் படையினருக்குத் தலைமையகமே வாரியர் கேர் என்ற திட்டத்தை நடத்துகிறது, ஓய்வுக்குப் பிறகும் துணை தொடரும். ஆனர் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கற்ற அமைப்பு சிறப்புப் படையினருக்காகவே மாற்றப் பயிற்சி நடத்துகிறது. கிரீன் பெரே ஃபவுண்டேஷன், நேவி சீல் ஃபவுண்டேஷன் ஆகியவை அந்தந்தப் படையினரின் குடும்பங்களுக்கு உதவுகின்றன. ஸ்பெஷல் ஆப்பரேஷன்ஸ் வாரியர் ஃபவுண்டேஷன், 1980-இல் ஈரானில் இறந்த அந்த 8 பேரின் 17 குழந்தைகளைப் படிக்க வைக்கத் தொடங்கியது. இறந்த சிறப்புப் படையினரின் பிள்ளைகளுக்கு இன்றுவரை படிப்புச் செலவு பார்க்கிறது.

அமைப்பில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். முதல் தடவை கூடவே போங்கள்.

பெண்களுக்கும் துணைப் பிரிவினருக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், அவர்கள்தான் அதிகம் விடுபட்டுப் போகிறார்கள். ஆப்கானிஸ்தானில் கலாசார உதவிக் குழுக்கள் என்ற பெயரில் பெண்கள் சிறப்புப் படையோடு இரவுச் சோதனைகளுக்குப் போனார்கள். சண்டைப் பிரிவுகளில் பெண்களுக்கு முறையான இடம் இல்லாத காலம் அது. அதனால் அவர்களுடைய பணிப் பதிவில் களம் கண்டது சரியாக ஏறவில்லை. பின்னால் ஊனப்படி கேட்டபோது "நீங்கள் சண்டையில் இருக்கவில்லையே" என்ற பதிலைக் கேட்டவர்கள் உண்டு. அப்போது கூட இருந்த ரேஞ்சர்களும் கிரீன் பெரேக்களும் எழுதித் தரும் சாட்சியம் இவர்களுக்குப் பெரிய பலம். நீங்கள் அப்படிக் கூட இருந்த ஒருவர் என்றால், யாரும் வந்து கேட்கும்வரை காத்திருக்காமல் இப்போதே எழுதிக் கொடுங்கள்: தேதி, பிரிவு, அவர் செய்த வேலை, நீங்கள் கண்ணால் பார்த்தது.